தையல் அறைக்குள் வராத துண்டு

இஸ்திரி மேசை சரிந்து விழுந்த நாளிலிருந்து துண்டு தையல் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. குட்டியாக வந்தபோது வெட்டிப் போட்ட துணி மாதிரி சுருண்டு கிடந்ததால் அந்த நாய்க்கு அப்படியொரு பெயர். இப்போது உள்ளே வரவும் மனமில்லாமல், விலகிப் போகவும் மனமில்லாமல் வாசலிலேயே நின்று முனகிக்கொண்டிருந்தது.

தையல்காரிக்கு இருப்பு கொள்ளவில்லை. பள்ளி திறக்கப் பத்தே நாள். சீருடைத் துணி இன்னும் மலையாகக் கிடந்தது. நாலு தையல் போடுவாள், எழுந்து போய், "வாடா கண்ணு" என்பாள். அது பின்வாங்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் விட்ட இடம் மறந்திருக்கும். கதவைச் சாத்தினால் பிறாண்டியது. பிஸ்கட்டை உள்ளே வைத்துப் பார்த்தாள். கழுத்தை மட்டும் நீட்டியது. எட்டவில்லை என்றதும் போய்விட்டது.

பஸ் ஓட்டுநரான கணவன் வேலை முடிந்து வந்ததும், "இதுக்குப் போய் இவ்வளவு பாடா?" என்று அதை அள்ளிக்கொண்டு போய் அறை நடுவில் விட்டான். நடுங்கிப்போன துண்டு, மடித்து வைத்திருந்த சட்டைகள் மேலேயே மூத்திரம் பெய்துவிட்டு வெளியே பாய்ந்தது.

"உங்களை யாருங்க கேட்டா? தைச்சதெல்லாம் போச்சு!"

"கத்தாத. அன்னிக்கும் நீ இப்படித்தான் கத்தியிருப்ப. மேசைக்குப் பயந்துச்சோ, உனக்குப் பயந்துச்சோ!"

"ஆமா, எல்லாத்துக்கும் நான்தான்."

கோபத்தோடே சட்டைகளை அலசிப் போட்டாள்.

மறுநாள் பட்டன் வாங்கக் கிளம்பியவள், மாதிரிச் சட்டையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். வீடு அமைதியாக இருந்தது. தையல் அறையில், துணிக் குவியல்மேல் துண்டு கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் நிழல் விழுந்ததும் விழித்தது. காதை மடக்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அவளைத் தாண்டி ஓடியது.

அவளுக்குச் சுருக்கென்றது. பயம் அறைமேல் இல்லை.

அன்று சாயங்காலம் கணவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் சொல்லிவிட்டாள். "மேசை விழுந்தப்ப ஒரு சட்டை கருகிடுச்சு. ஆத்திரத்துல அளவுகோலைத் தூக்கி எறிஞ்சேன். மேல படல. ஆனா அது மேலதான் எறிஞ்சேன்."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். பிறகு, "மிஷினைக் கூடத்துக்குத் தூக்கிட்டு வந்துடவா?" என்றான்.

கூடத்தில் தைத்தாள். கைவேலையை மட்டும் எடுத்துக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்தாள். மறுநாள் ஒரு முழம் உள்ளே, அதற்கு மறுநாள் இன்னொரு முழம். கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதுதான் பெரும்பாடு, கையும் காலும் பரபரத்தன. ஆறாம் நாள் முதுகுக்குப் பின்னால் நகங்கள் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. ஊசியை நிறுத்தாமல் தைத்தாள். மூச்சு அவள் முழங்கையில் பட்டது, போய்விட்டது.

சீருடை இரண்டு நாள் தாமதம். தலைமை ஆசிரியை போனில் திட்டிய திட்டை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

மிஷின் திரும்ப அறைக்குப் போன அன்று, தடித்த துணியில் ஊசி படக்கென்று ஒடிந்தது. தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கினாள். வாசலுக்குச் சற்று உள்ளே படுத்திருந்த துண்டு எழுந்து வெளியே போனது.

வேறு ஊசி மாட்டி மிதித்தாள். ஒரு சட்டையின் காலர் முடியும்போது அது திரும்ப வந்து அறைக்குள் படுத்துக்கொண்டது. கண்ணை மட்டும் மூடவில்லை.