வேங்கைமாறனின் மகள்

என் கணவர் ஆண்டனிராஜுக்குக் கதை கட்டத் தெரியும் என்பது கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் அவர் வாயைத் திறப்பது சோற்றுக்கும் கொட்டாவிக்கும் மட்டும்தான்.

அவருடைய சித்தி மகன் செபஸ்தியானுக்குக் கப்பலில் வேலை. எண்பத்தாறில் விடுப்பில் திண்டுக்கல் வந்தபோது அமெரிக்காவில் வாங்கிய ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். ஒரு புத்தகமும் பல முகம் வைத்த பகடைகளும்தான் அதில் இருந்தன. ஆளுக்கு ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்து, அந்த ஆளாகவே பேச வேண்டும். வழியில் என்ன எதிர்ப்படுகிறது என்பதை செபஸ்தியான் சொல்வான், அந்த ஆள் பிழைப்பானா மாட்டானா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் கூடத்தில் ஆட்டம் தொடங்கியது. தன் அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த அசோக்குமாரையும் இவர் கூட்டி வந்திருந்தார். ஏழு கழுதை வயதில் இது என்ன விளையாட்டு என்று முனகிக்கொண்டே நான் வடை சுட்டேன்.

"வாள் மட்டும் இருந்தாப் போதாதுண்ணே," என்றான் செபஸ்தியான். "உள்ளுக்குள்ள ஒரு காயம் வேணும். இல்லன்னா அட்டையில வெட்டி வச்ச ஆளு மாதிரி நிப்பான். யார் என்ன கேட்டாலும் அவனாவே பதில் சொல்லணும்."

இவருடைய ஆளுக்கு வேங்கைமாறன் என்று பெயர். ராஜா காலத்துப் படைத்தலைவனாம்.

"ஏன் தலைவரே, நீங்க சிரிக்கவே மாட்டீங்களா?" என்று அசோக்குமார் கேட்டார்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு ஒரு மக பொறந்தா. பொறக்கும்போதே உசுரு இல்ல. அமலின்னு பேரு."

வடைத் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அமலி என் மகள். மூன்று வருடத்துக்கு முன் ஏழாம் மாதத்திலேயே இறந்து பிறந்தாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குப் பெயரும் கிடையாது, பூசையும் கிடையாது. கல்லறைத் தோட்டத்து வேலியோரம் குழி வெட்டி, ஒரு சிலுவைகூட நடாமல் மூடிவிட்டு வந்தார்கள். பெயரை நானாக மனதுக்குள் வைத்து, அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பற்றியும் சொன்னேன். "செத்ததுக்கு எதுக்குடி பேரு?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் வாயால் ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைக் கேட்டுவிட்டால் என் மனசு ஆறிவிடும் என்று அன்றிலிருந்து காத்துக் கிடந்தேன்.

இப்போது காது குளிரக் கேட்டேன். அவர் நிறுத்தவில்லை. சுருட்டை முடி என்றார், கீழுதட்டில் மச்சம் என்றார். "எம் பொண்டாட்டி இன்னமும் ராத்திரி எந்திரிச்சு உக்காந்து மாரைத் தடவிப் பாப்பா, பால் கட்டியிருக்கான்னு," என்றார். அப்படியென்றால் இவர் தூங்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்திருக்கிறார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர் சொந்த வீட்டிலேயே பிடுங்கியிருக்கிறார்.

அசோக்குமார் கண்ணைத் துடைத்தார். "எம்புட்டு ஆழமா யோசிச்சிருக்கீங்க சார்!" இவர் முகத்தில் பெருமை வழிந்தது. நான் வடைத் தட்டைக் கீழே வைத்தேன்.

"தம்பி, நானும் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன்.

"தாராளமா கேளுங்க மதினி," என்றான் செபஸ்தியான்.

"புள்ள பொறந்தப்ப வேங்கைமாறன் எங்க இருந்தாரு?"

இவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பக்கத்துலதான். அவ கையப் பிடிச்சுக்கிட்டு."

"இல்ல. அகரத்துல கூட்டாளி வீட்டுல சீட்டாடிக்கிட்டு இருந்தாரு. ஆள் அனுப்புனதுக்கு, இந்த ஆட்டம் முடியட்டும்னு சொல்லி விட்டாரு. குழிய மூடுன பெறகுதான் வந்தாரு. மக மூஞ்சிய அவரு பாக்கவே இல்ல."

இவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து ஏதாவது சொல்வார், நாலு பேர் முன்னால் கை நீட்டி அடித்தாலும் சரிதான் என்று நான் அசையாமல் நின்றேன்.

செபஸ்தியான் அமலி பிறந்த சமயத்தில் கடலில் இருந்தவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தொடையைத் தட்டினான். "அடேயப்பா மதினி! காயம்னா இதுல்ல காயம்! அண்ணே, விட்றாதீங்க, எழுதிக்கங்க."

இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து பென்சிலை எடுத்தார்.

"அந்தக் காலத்துல ஏதுடா சீட்டு?" என்று செபஸ்தியானிடம் கேட்டார். "வேட்டைக்குப் போயிருந்தான்னு வச்சுக்கிருவமா?"