மர்சலின் டீச்சர் வீட்டுக்கு முன்கூட்டியே வந்த தீ

சாந்தோமில் மர்சலின் டீச்சர் வீட்டில் டிசம்பரில் பிடிக்கவேண்டிய தீ, அக்டோபரிலேயே வந்துவிட்டது. வந்தது என்றால் பிடிக்கவில்லை. வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். மூன்று வயசுக் குழந்தை உயரம். ஹாலில் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டது. நாற்காலி உருகவில்லை. பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டதால் மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்துசேர்ந்த சொந்தக்காரர் மாதிரி, யாரையும் தொந்தரவு செய்யாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். தீ முகத்தைத் துடைத்துக்கொண்டது. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எரிஞ்சா கூப்டுங்கம்மா. சும்மா குந்திகினு கீற தீயை நாங்க இன்னா பண்றது?" என்றவர் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார். மாடியில் குடியிருக்கும் அய்யாதுரை அண்ணாச்சி தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எதையும் விசாரித்துச் செய்கிறவர். "மாடிக்கும் சேத்துத்தான் வந்திருக்கா, இல்ல உங்களுக்கு மட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

டீச்சருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தீ உட்கார்ந்திருந்தது, அவர் நின்றார், நடந்தார், எரியாத அடுப்பைப் போய்ப்போய் அணைத்தார். அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் கவனித்தார். மகன் ஜாஸ்பர் போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் செருகியதும் தீ எழுந்து நின்றது. போனை வெளியே எடுத்ததும் உட்கார்ந்துவிட்டது. கணவர் ஸ்தனிஸ்லாஸ் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் மாட்டியபோது, எழுந்து செருப்புத் தேடியது.

அதற்குப் பிறகு அந்த வீடு தீயின் முகத்தைப் பார்த்தே நடந்தது. பாய்க்கு அடியில் ஓடிய ஒயர் போயிற்று. டேப்பு சுற்றிச் சுற்றியே பிழைத்துவந்த மிக்ஸிக்குப் புது ஒயர் வந்தது. பிளக் இல்லாமல் தீக்குச்சி சொருகி ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேன் ஓய்வு பெற்றது. ஃப்ரிட்ஜுக்கு எர்த் கிடைத்தது. ஈரக்கையோடு ஹீட்டர் சுவிட்சைத் தொடப்போன ஸ்தனிஸ்லாஸைத் தீ இருமிக் கூப்பிட்டது. அவர் மரியாதையாகக் கையைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் தீ கொஞ்சம் குட்டையாயிற்று. ஆனால் கிளம்பவில்லை. சுவரைப் பார்ப்பதையும் விடவில்லை.

சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், அதன் கீழே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. தீக்கும் பக்தி உண்டு என்று டீச்சர் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். ஜாஸ்பர் சின்னப்பிள்ளையில் டெங்குவில் கிடந்தபோது, அவனைக் காப்பாற்றினால் அந்தப் பல்பை அணையவிடுவதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டிருந்தார். பல்பு எரிகிறவரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மின்வாரியம் கரண்டை நிறுத்தினால் ஆண்டவர் மன்னிப்பார். நம் வீட்டு சுவிட்ச் விழுந்தால் அது நம் தலையில். ஆனால் அந்தச் சுவரோ மழைக்கு ஓதம் காக்கும், ஈரம் ஊறி நிற்கும். கரண்ட் கசியும், ட்ரிப் சுவிட்ச் விழும், பல்பு அணையும். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கில் ட்ரிப் சுவிட்சுக்கு என்ன வேலை என்று, ஸ்தனிஸ்லாஸ் ஆள் வைத்து மெயினிலிருந்து பல்புக்கு நேராக ஒரு ஒயர் இழுத்துவிட்டார். அன்றிலிருந்து பல்பு அணையவில்லை. ஒயர் சுடுவதையும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

டிசம்பர் மழையில் ஸ்தனிஸ்லாஸ் வாசலில் ஸ்டார் கட்டினார், கிறிஸ்துமஸ் குடிலுக்கு சீரியல் செட் சுற்றினார். பண்டிகை நேரத்தில் ட்ரிப் ஆகித் தொலையக்கூடாது என்று எல்லாவற்றையும் அந்தப் பல்பு ஒயரிலேயே சேர்த்துவிட்டார். தீ எழுந்தது. இந்த முறை செருப்புத் தேடவில்லை; ஏற்கெனவே போட்டிருந்தது. நாற்காலியின் ஒரு கால் மெல்ல வளைந்தது. படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. இத்தனை நாளும் அது பார்த்துக்கொண்டிருந்தது படத்தை அல்ல, படத்துக்குப் பின்னால் இருந்த ஒயரை என்று டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது.

மெயினில் கை வைத்தார்.

"மர்சி, பல்பு அணைஞ்சிடும்!" என்று ஸ்தனிஸ்லாஸ் கத்தினார். "புள்ள ஈக்காட்டுத்தாங்கல்லேர்ந்து இந்த மழையில பைக்ல வந்துகினு இருக்கான்!"

"அவன் வர்றதுக்கு வீடு வேணாமாங்க?" என்று மெயினை இறக்கினார்.

பல்பு அணைந்தது. அந்த ஒயரை இரண்டு முனையிலும் வெட்டிப் பிடுங்கி எறிந்துவிட்டு, டீச்சர் வாசலில் போய் மழையில் நின்றார். ஜாஸ்பர் போனை எடுக்கவில்லை. தெருவில் திரும்பிய ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் தெருவில் இறங்கினார், அது தாண்டிப் போனதும் படியேறினார். "கரண்ட் எல்லாருக்கும் போயிடுச்சா, நமக்கு மட்டுமா?" என்று மேலேயிருந்து அண்ணாச்சி விசாரித்தார்.

சொட்டச் சொட்ட வந்து இறங்கிய ஜாஸ்பர், "இன்னா மம்மி, பேயப் பாக்குற மாதிரி பாக்குற? சாப்பாடு இன்னா?" என்றான். முதுகில் ஓர் அடி விழுந்தது. பிறகு டீச்சர் அவன் தலையைத் துவட்டிவிட்டார்.

உள்ளே தீ கட்டைவிரல் அளவுக்கு வந்திருந்தது. செய்ய வேலையில்லாமல் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பின்பு நாற்காலியில் ஏறி, அங்கிருந்து சுவரில் ஏறி, பல்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது ஓதம் காத்தால் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுகிறது. சுவர் காயும்வரை எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த ஒயரும் இல்லாத பல்பு மட்டும் எரிகிறது. ரீடிங் எடுக்க வருபவர் அதைப் பார்ப்பார், மீட்டரைப் பார்ப்பார், மீட்டரில் இருப்பதை எழுதிக்கொண்டு போவார். எப்போதாவது பல்பு லேசாக இருமும். ஜாஸ்பர் கண்ணைத் திறக்காமலேயே தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தரையில் வைப்பான்.