குருவிப் பெட்டியில் கடுகு டப்பா

தச்சர் ஊருக்கெல்லாம் அலமாரி செய்வார். அவர் வீட்டுச் சமையலறையில் மட்டும் இருபத்து மூன்று டப்பாக்களும் தரையில்தான் கிடக்கும். மூன்று வருஷமாக அவர் மனைவி குனிந்து குனிந்து கடுகு எடுக்கிறாள். கேட்டால், "இந்த வாரம் முடிச்சுடறேன், இவளே" என்பார். எந்த வாரம் என்று சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே சாயங்காலத்தில் குருவிகளுக்கு ஒரு பெட்டி அடித்துக் கொல்லைப்புறச் சுவரில் மாட்டினார். மேலே திறக்கிற மூடி வேறு, பித்தளைக் கீல் போட்டு! அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே ஒரு சிட்டுக்குருவி ஜோடியும் கறுப்பும் வெள்ளையுமான ஒரு குண்டுக்கரிச்சான் ஜோடியும் வந்து குடுமிப்பிடிச் சண்டை போட்டன. "பாவம், ஒண்ணு பத்தலை" என்று இரண்டாவது பெட்டி அடித்தார். இரண்டு ஜோடியும் பழையதை விட்டுவிட்டுப் புதியதற்கு அடித்துக்கொண்டன. மூன்றாவது வந்தது. அதற்கும் அதே கூத்து.

காலியாகக் கிடந்த முதல் பெட்டியை அவள் கழற்றிவந்து அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். கடுகு டப்பாவும் சீரக டப்பாவும் உள்ளே போயின. நிமிர்ந்து நின்று கடுகு எடுத்த சுகம் இரண்டே நாள்தான். கொல்லை முழுக்கத் தனக்கே என்று கரிச்சான் விரட்டியடித்ததில், தோற்ற சிட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து அந்தப் பெட்டியின் துவாரத்தில் உட்கார்ந்தது. வாயில் வைக்கோல்.

"ஏய், இது என் இடம்!"

துண்டை வீசினாள். போனது, வந்தது. எட்டு முறை விரட்டினாள். ஒன்பதாவது முறை பார்த்தால் கடுகு டப்பாவின் மேலே வைக்கோல் பரப்பியிருந்தது. கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது யாரிடமும் கெஞ்சவில்லை, எந்த வாரம் என்று கேட்கவில்லை. வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

டப்பாக்கள் இரண்டையும் வெளியே எடுத்தாள். ஆனால் தரையில் வைக்கவில்லை.

தச்சர் பட்டறைக்கு வந்தபோது மேஜையில் இருபத்து மூன்று டப்பாவும் வரிசையாக நின்றன.

"என்ன இவளே இது? நான் எங்க வேலை செய்யறது?"

"தரையில."

"நாலாவது பெட்டி அடிக்கணுமே..."

"தாராளமா அடிங்க. என் டப்பா நகராது."

அவர் டப்பாக்களை எடுக்கக் கை நீட்டினார். அவள் மேஜைமீதே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அன்று தச்சர் தரையில் குந்தி அவள் சமையலறை அலமாரிக்குப் பலகை இழைத்தார். நாலு பலகை முடிவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மூணு வருஷமா எப்படி இவளே குனிஞ்ச?" என்றார்.

அவள் இறங்கவில்லை. ஐந்தாவது பலகையைக் காட்டினாள்.