லெட்டியின் சக்களத்தி

ஓபேத் ஸ்டானார்ட் தொழிலை விட்டுவிட்டுத் துறைமுகத்து நீராவி மாவு ஆலையில் கூலிக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அவர் மாவரைத்துவந்த வெதர்ஷம் ஊர் மரக் காற்றாலை காற்றை மதிப்பதை நிறுத்திவிட்டு அவர் போன பக்கமே திரும்பி நின்றது. காலையில் அவர் சைக்கிளில் ரயிலடிக்குப் போகும்போது கிழக்கே திரும்பும். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முனகிக்கொண்டே மேற்கே வந்து நிற்கும். ஒற்றைக் கருவாலி மரத் தூணின்மேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஆலையைப் பின்னால் நீண்ட வால்கட்டையில் தோள் கொடுத்துத் தள்ளித்தான் காற்றுக்கு நேராகத் திருப்ப முடியும். ஓபேத்தும் அவர் அப்பாவும் அப்படித் தள்ளியே முதுகு வளைந்தவர்கள். இப்போது தள்ள ஆளில்லாமலே அது திரும்பியதைப் பார்த்த இங்கிலாந்துச் சஃபோக் மாவட்ட விவசாயிகள், இந்தச் சுறுசுறுப்பை முன்னாலேயே காட்டியிருந்தால் பிழைத்திருக்கும் என்றார்கள். நீராவி ஆலையின் வெள்ளை மாவில் ருசி கண்டு ஓபேத்திடம் வருவதை நிறுத்தியவர்களும் அவர்களேதான்.

மதுக்கடையில் அவர் தலையைக் கண்டாலே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "உன் மூத்த தாரம் காலையில வழியனுப்ப நின்னாளே, ஒரு கையாவது ஆட்டிட்டுப் போனியா?" ஓபேத் பாதி பீரை வைத்துவிட்டு எழுந்து போவார். வேறு சந்து வழியாகப் போய்ப் பார்த்தார். ஆலை வேலிகளுக்கு மேலாகத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பியது. அவர் மனைவி லெட்டி, கட்டிக்கொண்டு வந்தபோதே சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்ட ஆலை அது. "நான் கோவிச்சுக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போனப்ப, நீ ஜன்னல்கிட்டகூட வரல. அது பாரு, எவ்வளவு விசுவாசமா இருக்கு" என்பாள். கடைசியில் ஓபேத் நாலு முளை அடித்து, கப்பல் சங்கிலி வாங்கி வந்து வால்கட்டையைக் கட்டிப் பூட்டுப் போட்டார். ஆலை ரயிலடியைப் பார்த்தபடி நின்றுபோனது.

அந்த மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மேற்கிலிருந்து புயல் கிளம்பி ஆலையின் முதுகில் அடித்தது. முகத்தில் வாங்குகிற காற்றை ஆலை எவ்வளவும் தாங்கும். முதுகில் வாங்கினால் இறக்கை பிய்ந்துவிடும். இது ஓபேத்துக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. மதுக்கடை வாசலில் கூட்டம் நின்று, அவர் ஓடிவருவாரா என்று வேடிக்கை பார்த்தது.

"போய் அவுத்து விடு" என்றாள் லெட்டி.

"ஊரே பாக்குது."

"அது சாகறதையும் ஊர்தான் பாக்கப்போகுது. போ."

அவர் மாட்டிறைச்சியை அறுத்துக்கொண்டே இருந்தார். நாலு இறக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, ஒன்று பாதிரியாரின் முட்டைக்கோஸ் பாத்தியில் குத்திட்டு நின்றது. அதற்குப் பிறகு ஆலை அவர் பக்கம் திரும்பவே இல்லை. சங்கிலியை அவிழ்த்துவிட்டும் பார்த்தார், அசையவில்லை. மதுக்கடைக்காரர்களும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். கேலியைவிட அது அவருக்குப் பொறுக்க முடியாததாயிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தினமும் வேண்டுமென்றே ஆலைக்கு முன்னால் போய் சைக்கிள் மணியை அடித்துவிட்டுத்தான் ரயிலடிக்குப் போனார்.

ஐம்பது வருஷத்தில் காக்கைகள் உள்ளே குடியேறின, ஒரு விவசாயி பக்கப் பலகைகளைக் கழற்றிப் பன்றிக் கொட்டில் கட்டினார், லெட்டி இறந்து கிழக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். பிறகு ஹிலரி ஃபின்ச் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஊருக்குக் குடிவந்து, ஆலையைக் காப்பாற்ற ஒரு குழு அமைத்தார். ஆலை ஓடிய காலத்திலேயே அதன் மாவைக் கைவிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், கடை மாவில் கேக் சுட்டு விற்று நிதி திரட்டினார்கள். புது இறக்கைகள் ஏறின. திறப்பு விழாவன்று தென்மேற்குக் காற்று அருமையாக வீச, ஆலை கிறீச்சிட்டுக்கொண்டு நேர் எதிராகத் திரும்பி, ஓபேத் இருந்த முதியோர் இல்லத்தின் ஜன்னலைப் பார்த்து நின்றது. பன்னிரண்டு ஆம்பிளைகள் வால்கட்டையைத் தள்ளியும் அசையவில்லை.

ஹிலரி மூச்சு வாங்க இல்லத்துக்கு வந்தார். "மிஸ்டர் ஸ்டானார்ட், காத்து அந்தப் பக்கம் இருந்து வருது. நீங்க கொஞ்சம் அங்க வந்து உக்காந்தீங்கன்னா எங்களுக்குப் பெரிய உதவியா இருக்கும்."

"என்னையா பாக்குறா?"

"ஒரு மணி நேரமா."

ஓபேத் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். பிறகு, "அந்தத் தொப்பிய எடுத்துக் குடுங்கம்மா" என்றார்.

அன்றிலிருந்து காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். மாவு அரைபட்டது. வடக்குக் காற்றென்றால் கம்பளியும் ஒரு குடுவைத் தேநீரும் கேட்பார். முட்டி வலித்தால் அன்றைக்கு ஆலை கிடையாது. மகளைப் பார்க்க ஒரு வாரம் கடற்கரை ஊருக்குப் போனபோது ஆலை கடலையே பார்த்துக்கொண்டு நின்றது. வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு ஹிலரி ஏதோ பராமரிப்பு வேலை என்று சொல்லிச் சமாளித்தார்.

அவருக்குத் தொண்ணூறு தாண்டியதும் குழுவுக்கு வேறு கவலை பிடித்தது. அவரை லெட்டிக்குப் பக்கத்தில் கிழக்கே புதைத்தால், மேற்குப் புயல் ஒன்று போதும், கதை முடிந்தது. தேநீரும் பிஸ்கட்டுமாக அவரிடமே போய்க் கேட்டார்கள். காற்று அதிகம் வரும் தென்மேற்கில் நல்ல மேட்டு நிலம் இருக்கிறது, குழுவே வாங்கித் தரும் என்றார்கள்.

"லெட்டி இல்லாம வரமாட்டேன். ஒரு தடவ அவ பேச்சக் கேக்காம இருந்தது போதும்" என்றார் ஓபேத்.

ஆக, பிஷப்பிடம் அனுமதி வாங்கி லெட்டியைத்தான் கிளப்பினார்கள். உயிரோடு இருந்தவரை சக்களத்திக்காக ஓர் அடி நகராதவள், சவப்பெட்டியோடு டிராக்டரில் ஏறி ஊர் தாண்டிப் போனாள். அடுத்த குளிர்காலம் ஓபேத்தும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆலை தென்மேற்கே திரும்பியது, பிறகு திரும்பவே இல்லை. சில வருஷம் கழித்து அக்டோபரில் நாட்டையே புரட்டிப்போட்ட பெரும்புயல் அந்தத் திக்கிலிருந்துதான் வந்தது. பக்கத்து ஊர் ஆலைகள் இறக்கை இழந்து நிற்க, வெதர்ஷம் ஆலை ஒரு பலகைகூட உதிர்க்காமல் அதை முகத்தில் வாங்கிக்கொண்டது. அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் ஹிலரி நன்றி தெரிவிக்க எழுந்து, லெட்டி ஸ்டானார்டின் பெயரை முதலில் சொன்னார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அடுத்ததாக வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சரளை போடுவது பற்றிப் பேசினார்கள்.