யாரும் தொடாத பெட்டி

டிஸ்க் எதுவும் இல்லை என்று திரை மறுபடியும் சொன்னதும் எலைனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தம்புது சர்வர். உள்ளே இரண்டு டிஸ்க் குத்துக்கல் மாதிரி இருக்கிறது. விண்டோஸ் போட உட்கார்ந்தால் ஒன்றுகூட இல்லையாம்!

புலாவ் செபாங் ஊரில் செம்பனைப் பழ லோரிகள் ஓட்டும் காளிமுத்துவின் ஆபீஸ் அது. போனமுறை வந்தபோது, டிஸ்க்கைக் காட்டும் கண்ட்ரோலருக்கு டிரைவர் என்கிற மென்பொருள் இல்லையோ என்று நினைத்து, தம்ப் டிரைவிலிருந்து ஏற்றிப் பார்த்தாள். பலிக்கவில்லை. அதற்குள் காளிமுத்து, அவளை அனுப்பிய கம்ப்யூட்டர் கடை முதலாளி பிரையனிடம், "இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல" என்று போட்டுக்கொடுத்துவிட்டார். இன்றும் முடியாவிட்டால் நாளை வேலைக்கு வரவேண்டாம் என்று பிரையன் சொல்லி அனுப்பியிருந்தான்.

"அங்கிள், பெட்டிய யாராச்சும் தொறந்தீங்களா?"

"எத்தன தடவ கேப்ப? ஒருத்தரும் தொடல லா! வேல தெரியலன்னா இப்படித்தான் சாக்கு தேடத் தோணும்."

எலைன் பல்லைக் கடித்துக்கொண்டாள். சர்வரை மறுபடி தொடங்கி, கண்ட்ரோலரின் சொந்தப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தாள். அங்கேயும் டிஸ்க்கைக் காணோம். அப்படியென்றால் டிரைவர்மேல் பழியில்லை, டிஸ்க்குக்கே இணைப்பு கிடைக்கவில்லை. கரண்டை நிறுத்திவிட்டு முதல் டிஸ்க்கை வெளியே இழுத்தாள்.

சந்தனம் மணத்தது. டிஸ்க்கின் பின்பக்கம், பெட்டிக்குள் போய்ப் பொருந்தும் தங்கநிறப் பற்களின்மேல் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். இரண்டாவதிலும் அப்படியே.

"என்ன அங்கிள் இது?"

காளிமுத்துவின் முகம் கறுத்தது. "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க பூஜையாலதான் கெட்டுப்போச்சும்ப, அப்படித்தானே?"

அடுத்த மேசையில் பில் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பாக்கியலட்சுமி எழுந்து வந்தார். "அந்தப் பிள்ளைய ஏங்க ஏசுறீங்க? பெட்டி வந்த வாரமே ஆயுத பூஜை. அன்னிக்கு லோரிக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சு, இதுக்கும் வையின்னு நீங்கதானே கழட்டிக் குடுத்தீங்க? பளபளன்னு இருந்த பக்கந்தான் மூஞ்சின்னு நெனச்சு நான் வெச்சேன்."

எலைன் டிஸ்க்கைக் காளிமுத்துவின் முன்னால் நீட்டினாள்.

"பொட்டு வெச்சது தப்பே இல்ல அங்கிள். எங்க வீட்டுலயும் புதுக் கார் வாங்குனா ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிப்பாரு. ஒருத்தரும் தொடலன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் தப்பு. என் வேலையே போயிருக்கும்!"

"சரி சரி, தொடச்சிட்டுப் போடு லா."

பெட்டியின் உட்புறத்தையும் இரண்டு டிஸ்க்கையும் ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தாள். ஆனால் உள்ளே தள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"மொதல்ல பிரையனுக்குப் போன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"என்னயே மிரட்டுறியா?"

"ஆமா."

பாக்கியலட்சுமி போனை எடுத்துக் கணவர் கையில் திணித்தார். காளிமுத்து எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். "பிரையன்... அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நாங்கதான் பெட்டியத் தொறந்தோம். நான் பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் பிரையன் சிரித்தான். "பரவால்ல அங்கிள், சின்ன விஷயம்தானே."

எலைன் போனை நோக்கிக் குனிந்தாள். "சின்ன விஷயம் இல்ல பாஸ். நாளைக்கு வராதேன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு நீங்களும் ஒரு சாரி சொல்லுங்க. டிஸ்க் இன்னும் என் மடியிலதான் இருக்கு."