பென்சிலில் இருந்த வீடு

கண்காட்சி திறப்பதற்கு முன் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: பெரியப்பா, அவருடைய தம்பி மகனான ஓவியன், ஓவியனின் அம்மா, படங்களுக்குச் சட்டம் போடும் இளைஞன்.

சுவரில் ஓவியனின் பெரிய வரைபடம் தொங்கியது. அவன் வளர்ந்த, படித்த, வேலை பார்த்த இடங்களெல்லாம் அதில் இருந்தன. சில மையில், சில பென்சிலில். தலைமுறைகளாகத் தலைநிமிர்ந்து நின்ற தம் வீடு பென்சிலில் இருப்பதைப் பெரியப்பா பார்த்துவிட்டார்.

“ஏன்டா, நம்ம வீடு என்ன, இன்னைக்கோ நாளைக்கோ விழுற கொட்டகையா?”

“நான் யாருன்னு சொன்ன இடத்துக்குத்தான் மை, பெரியப்பா. அங்க இன்னும் சொல்லல.”

“இப்ப எதுக்குடா அதெல்லாம்?” என்று அம்மா பதறினாள்.

“நீ சும்மா இரும்மா. சொல்லுடா” என்றார் பெரியப்பா.

“எனக்குப் பொண்ணு பார்க்காதீங்க. நான் விரும்புறது ஆம்பளைய. இவரைத்தான்.”

சட்டம் போடுகிறவன் கையிலிருந்த சுத்தியலை மெல்லக் கீழே வைத்தான்.

பெரியப்பாவுக்கு ஊர் வாய் நினைவுக்கு வந்தது. ஆனால் கண்டவன் வீட்டுக்கெல்லாம் தெரிந்த சேதி தம் வீட்டில் மட்டும் ஒளிந்து கிடந்ததே, அதுதான் அவருக்குப் பெரிய தலைகுனிவாகப் பட்டது.

“அடுத்தவன் வீட்டுல சொல்லிட்டு நம்ம வீட்டுல மறைப்பியா? மையை எடு. நம்ம வீடு ரப்பர் வச்சு அழிக்கிற வீடு இல்ல.”

ஓவியன் பென்சில் கோடுகளின் மேல் மையால் வரைந்தான்.

“வாசல் இந்தப் பக்கம்டா” என்று பெரியப்பா விரலை வைத்துக் காட்டினார்.

அவர் கோபத்தில் அந்த வீட்டைத் தேய்த்து அழித்தார் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அழிக்கவில்லை. மை காய்வதற்குள் விரல் பட்டுவிட்டது.