ஏழாம் நம்பர் ஸ்பேனர்

"நகத்துக்குள்ள இருக்கிற எண்ணெய் போகாதுடி. நாப்பது வருஷமா நானே சொல்லி அலுத்துட்டேன். விடு," என்றாள் அம்மா.

மகள் விடவில்லை. அப்பாவின் வலது கையை மடியில் தாங்கி, பழைய பல்பிரஷ்ஷால் ஒவ்வொரு நகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் உயிர் போயிருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. ஸ்பேனர் பிடித்த வாக்கிலேயே அந்தக் கை நின்றுவிட்டதுபோல் இருந்தது.

வெளியே கார் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"வந்துட்டாரு ஆகாச ராஜா," என்றாள் அம்மா, சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே.

சித்தப்பா விமானி உடுப்பிலேயே வந்திருந்தார். தோளில் பட்டை, மார்பில் பித்தளை இறக்கை. நாலு மணிக்கு விமானக் கண்காட்சி. ஊரெல்லாம் ஒட்டியிருந்த சுவரொட்டிகளில் இதே உடுப்பில்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு மடித்து வைத்திருந்த ஒரு தாளை மகளைப் பார்த்தபடி மேசைமேல் விரித்தார்.

"கையெழுத்துப் போடு."

"எதுக்கு?"

"எதுக்கா? கிழவி இன்னிக்குப் பறக்கணும். அடக்கம் முடிஞ்சதும் நேரா ஓடுதளம். அண்ணனுக்காக ஒரு சுத்து, தலைகீழா. ஒலிபெருக்கியில சொல்லச் சொல்லிட்டேன்."

கிழவி என்பது அவர்களுடைய போர்விமானம். ஒற்றை இருக்கை, மூக்கில் சுழலி, இவர்கள் எல்லாரையும்விட வயது கூடுதல். முப்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் இரும்புக்கடை விலைக்கு வாங்கி உயிர் கொடுத்தது. அண்ணன் நட்டு முறுக்குவார், தம்பி பறப்பார். அப்பாவுக்கு அடுத்து, அது பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் உரிமம் மகளிடம் மட்டும்தான் இருந்தது. அது இல்லாமல் எரிபொருள்காரன் ஒரு சொட்டு ஊற்ற மாட்டான்.

"உசுரோட இருந்தப்ப எட்டு மாசம் ஒரு வார்த்தை பேசல," என்றாள் அம்மா. "செத்தப்புறம் தலைக்கு மேல பறந்தா மரியாதையா?"

"அண்ணி, நான் உங்ககிட்ட பேசல."

"நான் உங்ககிட்டதான் பேசுறேன்."

மகள் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள். "போட மாட்டேன் சித்தப்பா. பலகையில ஒன்னு குறையுது."

விமானக் கொட்டகைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தைச் சிவப்பில் வரைந்து, அதன்மேல் கருவியை மாட்டியிருப்பார் அப்பா. வேலை முடிந்ததும் எல்லாம் பலகைக்குத் திரும்ப வேண்டும். எங்காவது சிவப்பு தெரிந்தால் கிழவி நகரக் கூடாது. இருக்கைக்குப் பின்னால் மறந்துபோன ஒரு ஸ்பேனர் போதும். விமானம் தலைகீழாகும்போது உருண்டுபோய்க் கம்பிக்கும் கப்பிக்கும் நடுவே மாட்டும், விமானத்தைத் திருப்பும் கைப்பிடி அசையாது. நாலு நாளைக்கு முன்னால், கடைசியாக அப்பா தனியாக வேலை பார்த்த அன்றிலிருந்து, ஏழாம் நம்பர் ஸ்பேனரின் இடம் சிவப்பாகவே இருந்தது.

"கடையில ஒன்னு வாங்கி மாட்டு."

"என்ன சொன்னீங்க?"

"ஏழாம் நம்பர் எல்லாக் கடையிலயும் கிடைக்குது."

"அது எங்க இருக்குன்னு தெரியாம நான் எதை மாட்டினாலும் ஒன்னுதான். உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்தா?"

"இருக்காது. நானே டார்ச் அடிச்சுப் பார்த்தேன்."

"நீங்க பார்த்தீங்களா?"

அவள் வேண்டுமென்றே 'பார்த்தீங்களா'வை அழுத்திச் சொன்னாள். சித்தப்பாவின் தாடை இறுகியது.

போன சீசனின் கடைசி நாள் அவளும் ஓடுதளத்தில்தான் நின்றாள். சித்தப்பா ஓடுதளத்தை விட்டு ஐந்து கஜம் தள்ளிப் புல்லில் இறங்கினார். காற்று தள்ளிவிட்டது என்றார். அன்று கம்பத்தில் காற்று காட்டும் துணிப்பை ஈரத் துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. "டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுடா," என்றார் அப்பா. "நீ நட்டு முறுக்குறவன். நட்டை மட்டும் பாரு," என்றார் சித்தப்பா, எல்லார் முன்னிலையிலும். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு துண்டுத் தாளில்தான். 'இடது டயர் மாற்றியாச்சு.' 'சரி.'

"டாக்டர் சீட்டு இருக்கு என்கிட்ட," என்றார் சித்தப்பா இப்போது.

"கூட உக்காந்து சீட்டாடுற டாக்டர் குடுத்த சீட்டு," என்றாள் அம்மா.

"உங்க புருஷன் பண்ணின தப்புக்கு என் கண்ணை ஏன் இழுக்குறீங்க? முப்பது வருஷத்துல ஒரு ஸ்பேனர் தொலைஞ்சதில்ல. கை நடுங்க ஆரம்பிச்ச அன்னிக்கே உக்காந்திருக்கணும். எங்கேயோ போட்டுட்டு மறந்துட்டு, என் சோலிய முடிச்சுட்டுப் போயிட்டாரு."

மகள் எழுந்தாள். "அப்பா மறக்கல."

"அப்ப எங்க அது?"



"சட்டை மாட்டணும்," என்றாள் அம்மா. "கண்ணாடியையும் போட்டுவிடு. அது இல்லாம அந்த மனுஷன் மூஞ்சி யாரோ மாதிரி இருக்கு. கூடு தலகாணிக்கு அடியில கிடக்கும். நாலு நாளா யாரையும் தொட விடல."

கண்ணாடி கட்டில் ஓரத்திலேயே இருந்தது. அதை அவர் முகத்தில் பொருத்திவிட்டு, மகள் தலையணைக்கு அடியில் கைவிட்டாள். கூடு கனத்தது. சித்தப்பாவுக்கு முதுகு காட்டியபடியே திறந்தாள்.

கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்க்கத் தேவையிருக்கவில்லை. துணிக்கு மேலேயே ஸ்பேனரின் வாய் தட்டுப்பட்டது. பிடியில் அப்பா அடையாளத்துக்கு உளியால் போட்ட மூன்று புள்ளிகளும்.

முந்தாநாள் அவர் கேட்டது இப்போது காதில் விழுந்தது.

"பலகையைப் பார்த்தியா?"

"ஒன்னு குறையுதுப்பா."

"குறைஞ்சா?"

"பறக்கக் கூடாது."

"யார் சொன்னாலும்?"

"யார் சொன்னாலும்."

"அவ்வளவுதான்," என்று கண்ணை மூடிக்கொண்டார். நல்ல சாப்பாடு முடித்தவர் முகம்.

"என்னடி தேடுற?" என்றார் சித்தப்பா பின்னாலிருந்து. "தொலைச்சது அவரு. உனக்கென்ன ரோஷம்? கொட்டகையில எல்லாருக்கும் தெரியும், கிழவனுக்குக் கை போச்சு, மூளையும் போச்சுன்னு."

கூடு அவள் கையில் திறந்தபடி இருந்தது. திரும்பி ஒரு வீச்சு வீசினால் போதும். அப்பாவின் பேர் மீளும். நாலு மணிக்குக் கிழவி கிளம்பிவிடும்.

மூடினாள். 'டப்'பென்று சத்தம் கேட்டது.

"ஆமா," என்றாள். "தொலைச்சுட்டாரு."

"இப்ப ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கிட்டேன். வண்டிய முழுசாப் பிரிச்சுத் தேடணும். இந்த சீசன் முடியும். அதுக்குள்ள வேற டாக்டர்கிட்ட காட்டி புதுச் சீட்டு வாங்கிட்டு வாங்க."

சித்தப்பா தாளைக் கசக்கி அண்ணன் காலடியில் எறிந்துவிட்டு வாசலுக்குப் போனார். போகிற வேகத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

அம்மாவும் மகளுமாகச் சட்டையை மாட்டினார்கள். மகள் கூட்டை மார்புப் பையில் வைத்தாள். பை தொங்கியது.

"என்னடி இது?"

"கண்ணாடிக் கூடு."

அம்மா அவர் முகத்தில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பிறகு பையின் மூடியை இழுத்துப் பொத்தானைப் போட்டாள். பழைய பொத்தான், துளை இறுக்கம். நகத்தால் நெம்பித்தான் போட வேண்டியிருந்தது.

அடக்கம் பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. கொட்டகை ஆட்கள் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது மேற்கிலிருந்து இரைச்சல் வந்தது. கண்காட்சிக்கு வந்திருந்த மற்ற ஊர் விமானங்கள், ஒத்திகையாக இருக்கலாம், அப்பாவைத் தெரிந்தவர்களாகவும் இருக்கலாம். தாழப் பறந்து வந்தன. எல்லாரும் அண்ணாந்தார்கள். மேகமே இல்லாத வானம்.

சித்தப்பா அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எதிரும் புதிருமாக நிற்க இடமில்லாத நெரிசல். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"ரெண்டும் எவ்வளவு ஒட்டிப் பறக்குதுங்க பாரு," என்றார்.

மூன்று விமானங்கள் தலைக்கு மேலே கடந்து போயின.

"ஆமா சித்தப்பா," என்றாள்.